கருவிக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை

காது கேளாமல் பிறக்கும் குழந்தைக்குப் பல லட்சம் ரூபாயில் காக்ளியர் கருவி பொருத்துகிறோம். கேளாமை எதனால் வந்தது என்ற கேள்வியை மட்டும் பாதியில் விட்டுவிடுகிறோம்.

ஒரே வயதில், ஒரே அறுவை அரங்கில், ஒரே வகைக் காக்ளியர் கருவியைப் பொருத்திக்கொண்ட இரண்டு குழந்தைகள் இரண்டு வருடம் கழித்து ஒரே நிலையில் இருப்பார்கள் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஒரு குழந்தை போனில் பாட்டியோடு கதை பேசும். இன்னொரு குழந்தை கதவு அடிக்கும் சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்கும்; ஆனால் சொற்கள் அதற்கு வசப்பட்டிருக்காது. இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் நமக்குத் தெரிந்தவைதான்: எத்தனை வயதில் அறுவை நடந்தது, அதற்கு முன் எவ்வளவு காலம் காது கேட்காமல் இருந்தது, பேச்சுப் பயிற்சிக்கு ஒழுங்காகப் போனார்களா, வீட்டில் குழந்தையோடு எவ்வளவு பேசினார்கள். எல்லாமே உண்மையான காரணங்கள். ஆனால் அவை முழுக் காரணங்கள் அல்ல. கருவி பொருத்திக்கொண்ட பெரியவர்களை வைத்துப் பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வுகளில், தெரிந்த காரணங்களை எல்லாம் கூட்டிப் பார்த்தும், ஆளுக்கு ஆள் காணப்பட்ட வித்தியாசத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விளக்க முடியவில்லை. விளக்கப்படாத மீதியில் ஒரு பகுதி மரபணுவில் இருக்கிறது என்பதற்கான சான்றுகள் கடந்த 25 ஆண்டுகளில் குவிந்துவருகின்றன. அந்தச் சான்றுகளை வைத்து இந்தக் கட்டுரை ஒன்றைத்தான் வாதிடுகிறது: கேளாமை உறுதியான அன்றே மரபணுப் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்க வேண்டும், கருவிக்குப் பணம் கொடுக்கும் அரசே இதற்கும் கொடுக்க வேண்டும்.

பழுது எந்த இடத்தில்?

வாதத்தின் அடிப்படை காதின் அமைப்பிலேயே இருக்கிறது. வெளியிலிருந்து வரும் ஒலி செவிப்பறையில் மோதி, மூன்று சிறு எலும்புகள் வழியாக, நத்தைக்கூடு போலச் சுருண்ட காக்ளியாவுக்குள் நுழைகிறது. அங்கே மயிர்ச்செல்கள் வரிசையாக நிற்கின்றன: ஒரு காதுக்கு வெளிவரிசையில் சுமார் 12,000, உள்வரிசையில் சுமார் 3,500. வெளிவரிசைச் செல்கள் ஒலியைப் பெருக்கிக் கொடுக்க, உள்வரிசைச் செல்கள் அதை மின்துடிப்பாக மாற்றி நரம்பிடம் ஒப்படைக்கின்றன. சுமார் 30,000 இழைகள் கொண்ட செவிநரம்பு அதை மூளைக்குக் கொண்டுபோகிறது. காக்ளியர் கருவி பழுதான மயிர்ச்செல்லைச் சரிசெய்வதில்லை. அதைச் சுற்றிக்கொண்டு போகிறது. காக்ளியாவுக்குள் செருகப்பட்ட 12 முதல் 22 வரையிலான மின்முனைகள் நேராகச் செவிநரம்பைத் தூண்டுகின்றன. அப்படியானால், பழுது மயிர்ச்செல்லிலோ அதைச் சுற்றியுள்ள திரவத்திலோ இருந்தால், கருவி அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடும். பழுது நரம்பிலேயே இருந்தால், கருவி எதை நம்பி வேலை செய்கிறதோ அதுவே நொந்துபோயிருக்கிறது என்று பொருள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு குழந்தைகளுக்கும் காது கேட்காது. கேட்புத்திறனை அளந்து வரையும் ஆடியோகிராமில் இருவரின் கோடும் ஒரே தாழ்வில்தான் ஓடும். பழுது இருக்கும் இடத்தைப் பல நேரங்களில் மரபணுதான் சொல்கிறது.

பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஒன்று அல்லது இரண்டுக்குக் கடுமையான கேளாமை இருக்கிறது. அதில் பாதிக்கும் மேல் மரபணு காரணமாக வருவது. அப்படி வருவதிலும் சுமார் 70 விழுக்காட்டில் காதைத் தவிர உடம்பில் வேறு குறையே தெரியாது. இந்தப் பிரிவில் பத்தில் எட்டு, பழுதான மரபணுவில் தாய் ஒரு பிரதியும் தந்தை ஒரு பிரதியும் தரும்போது மட்டும் வெளிப்படும் வகை. ஒற்றைப் பிரதி வைத்திருக்கும் பெற்றோருக்குக் காது நன்றாகவே கேட்கும். ‘எங்கள் பரம்பரையில் யாருக்கும் இப்படி இல்லையே’ என்று குடும்பத்தார் சொல்வது பொய்யில்லை. ஆனால் அதனால் காரணம் மரபணு இல்லை என்றாகிவிடாது. கேளாமையோடு பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறப்பவைதாம். காதை மட்டும் பாதிக்கும் மரபணுக்கள் என்று இதுவரை 120-க்கு மேல் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன.

நம் மண்ணில் பரவிய முற்றுப்புள்ளி

அவற்றில் உலகெங்கும் அதிகம் பேசப்படுவது ஜிஜேபி2. கேளாமைக்கும் இதற்கும் உள்ள தொடர்பு 1997-ல் வெளியானது. காக்ளியாவுக்குள் பொட்டாசியம் சுற்றிவர வழிசெய்யும் கனெக்சின் 26 என்ற புரதத்தை இந்த மரபணு உண்டாக்குகிறது. புரதம் சிறியது, 226 அமினோ அமிலங்களின் கோவை. ஐரோப்பியரிடம் இந்த மரபணுவில் ஒரு வகைப் பிறழ்வு மிகுதி, கிழக்காசியரிடம் வேறொன்று. இந்தியாவில் மிகுதியாகக் காணப்படுவது டபிள்யூ24எக்ஸ். கோவையின் 24-ஆவது இடத்தில் வர வேண்டிய அமினோ அமிலத்துக்குப் பதில் அங்கே முற்றுப்புள்ளி விழுந்துவிடுகிறது. 226 சொல் கொண்ட வாக்கியம் 24-ஆவது சொல்லுக்கு முன்பே முடிந்துபோனால் பொருள் என்ன ஆகுமோ அதுதான் புரதத்துக்கும் ஆகிறது. பெங்களூரு ஜவஹர்லால் நேரு மேம்பட்ட அறிவியல் ஆராய்ச்சி மையத்தின் ஆய்வாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வு, இந்தப் பிறழ்வு பழைய மூதாதை ஒருவரிடம் தோன்றி வழிவழியாகப் பரவியிருக்க வேண்டும் என்று காட்டியது. பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து புறப்பட்டுப்போன ரோமா மக்களிடம், ஸ்பெயினிலும் ஸ்லோவாக்கியாவிலும், இன்றும் இதே முற்றுப்புள்ளி காணப்படுகிறது. ஒரு மக்கள்கூட்டத்தின் பயணத்தை அவர்கள் மொழி சொல்வதுபோல உள்காதும் சொல்கிறது.

காக்ளியர் கருவியைப் பொறுத்தவரை ஜிஜேபி2 நல்ல சேதி. பழுது திரவச் சுழற்சியில் இருப்பதால் செவிநரம்பு பெரும்பாலும் கெடாமல் இருக்கிறது. அறிவுவளர்ச்சியிலும் குறை இல்லை. ஆகவே உரிய வயதில் கருவி பொருத்தப்பட்ட ஜிஜேபி2 குழந்தைகள், மற்றக் காரணங்களால் கேளாமை வந்த குழந்தைகளுக்கு இணையாகவோ அவர்களைவிட மேலாகவோ பேச்சில் முன்னேறுவதாகப் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. அறுவைக்கு ஒப்புக்கொள்ளலாமா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருக்கும் பெற்றோருக்கு இந்த ஒரு வரி எவ்வளவு பெரிய தெம்பு! மரபணு அளவில் சிறியது என்பதால் இதை மட்டும் படித்துப் பார்க்கும் பரிசோதனை செலவும் குறைந்தது.

தேர்ச்சி பெற்றும் கேட்காத காது

மரபணு அறிக்கை நல்ல சேதி சொல்வதோடு நில்லாமல், தவறான தேர்ச்சிச் சான்றைத் திருத்தவும் செய்யும். பிறந்த குழந்தையின் காதில் சிறு முனை ஒன்றைச் செருகிச் செய்யப்படும் ஓஏஇ பரிசோதனை வெளிவரிசை மயிர்ச்செல்கள் வேலை செய்கின்றனவா என்று மட்டுமே பார்க்கிறது. ஓடிஓஎஃப் என்ற மரபணு பழுதானால், வெளிவரிசை நன்றாக வேலை செய்யும். உள்வரிசைச் செல் துடிப்பை நரம்பிடம் ஒப்படைக்கும் கடைசிக் கணத்தில்தான் தடைபடும். குழந்தை ஓஏஇயில் தேர்ச்சி பெற்றுவிடும். ஆனால் அதற்கு எதுவும் கேட்காது. மூளைவரை துடிப்பு போய்ச் சேருகிறதா என்று பார்க்கும் பெரா பரிசோதனையில்தான் உண்மை வெளியாகும். ‘பிறந்தபோதே பார்த்தாச்சு, சரியாத்தான் இருக்குன்னு சொன்னாங்க’ என்ற நிம்மதியில் ஒரு வருடம், இரண்டு வருடம் கழிந்துவிடுவது இப்படித்தான்.

பெராவில் இந்த முரண் தெரிந்த பிறகு அடுத்த குழப்பம் வருகிறது. ஓஏஇ இருந்து பெரா இல்லாவிட்டால் அதற்கு ‘ஆடிட்டரி நியூரோபதி’, அதாவது செவிநரம்புக் கோளாறு, என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். நரம்பு என்ற சொல்லைக் கேட்டதும், கருவி பலன் தருமா என்ற தயக்கம் மருத்துவருக்கும் வரும், வீட்டாருக்கும் வரும். ஆனால் ஓடிஓஎஃப் பழுதில் நரம்பு நலமாகவே இருக்கிறது. நரம்பின் வாசலில்தான் தடை. கருவி அந்த வாசலைத் தாண்டிவிடுவதால் இந்தக் குழந்தைகளுக்கு நல்ல பலன் கிடைக்கிறது. அதே பெயர் ஒட்டப்பட்ட இன்னொரு குழந்தைக்கு டிஐஎம்எம்8ஏ என்ற மரபணுவில் பழுது இருக்கலாம். அங்கே நரம்பே படிப்படியாகத் தேய்கிறது. கருவியின் பலன் குறைவாகவும் நிலையற்றதாகவும் இருக்கும். பெயர் ஒன்று, வழி இரண்டு. இரண்டையும் பிரித்துக்காட்ட ஸ்கேனால் எப்போதும் முடியாது.

இந்த இடத்தில் நியாயமான எதிர்வாதம் ஒன்று எழுகிறது: மரபணுவை வைத்துக் கருவியின் பலனை முன்கூட்டியே சொல்லும் அளவுக்கு அறிவியல் முதிர்ந்துவிட்டதா? முழுமையாக முதிரவில்லை என்பதே நேர்மையான பதில். டிஎம்பிஆர்எஸ்எஸ்3 மரபணுவின் கதை இதற்குச் சரியான பாடம். நரம்புச் செல்களில் செயல்படும் மரபணு பழுதானால் கருவியின் பலன் குறையும் என்ற கருதுகோளை 2012-ல் அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகக் குழு முன்வைத்தது. இந்த மரபணுவில் பழுதுள்ள இருவருக்குப் பலன் குறைவாக இருந்ததையும் சுட்டிக்காட்டியது. பின்னர் அதே மரபணுப் பழுதோடு கருவி பொருத்திக்கொண்டு நன்றாகக் கேட்பவர்களைப் பற்றிய அறிக்கைகளும் வந்தன. விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆகவே ஒவ்வொரு மரபணுவுக்கும் மதிப்பெண் போட்டு ஒரு பட்டியல் தயாரித்துவிட முடியாது. ஆனால் ஜிஜேபி2, ஓடிஓஎஃப் போன்ற சிலவற்றில் சான்று ஒரே திசையில் பலமாக நிற்கிறது. நரம்பே உருவாகாமல் போகும் சில கோளாறுகளில் எதிர்த்திசையில் நிற்கிறது. நடுவில் இருப்பது தெளிவாகாததால் இரு ஓரங்களில் தெளிவாக இருப்பதையும் பயன்படுத்தமாட்டோம் என்பது அறிவியல் அடக்கம் ஆகாது.

அறுவைக்கு முன்பே தெரிய வேண்டியவை

பலனைப் பற்றிய பேச்சை ஒதுக்கிவைத்தாலும் பரிசோதனைக்குக் காரணம் இருக்கிறது. ஜெர்வெல்–லாங்கே நீல்சன் என்ற கோளாறில் கேளாமையோடு இதயத்துடிப்பும் தாறுமாறாகும். இதயத்திலும் உள்காதிலும் ஒரே பொட்டாசிய வாயில் இருப்பதுதான் காரணம். இந்தக் குழந்தைகளுக்கு மயக்கமருந்தே ஆபத்தாக முடியலாம். முன்பே தெரிந்தால் தக்க மருந்தோடு பாதுகாப்பாக அறுவை செய்யலாம். பிஓயூ3எஃப்4 மரபணு பழுதான ஆண்குழந்தைகளின் காக்ளியாவைத் திறந்தால் மூளைத் திரவம் பீறிட்டு வரலாம். அறுவை மருத்துவர் அதற்குத் தயாராக இருக்க வேண்டும். அஷர் கோளாறின் கடுமையான வகையோடு பிறக்கும் குழந்தைக்குப் பிறவியில் காது கேட்காது. வளர வளரப் பார்வையும் மங்கும். சைகையையும் உதட்டசைவையும் நம்பி வளரும் பிள்ளைக்குப் பின்னாளில் அவையும் கைவிட்டுப்போகும் என்று ஒரு வயதிலேயே தெரிந்தால், இரண்டு காதுக்கும் சீக்கிரமாகக் கருவி பொருத்தும் முடிவு வேறு கனம் பெறுகிறது. எஸ்எல்சி26ஏ4 பழுது இருந்தால் தலையில் படும் சின்ன அடிகூட மிஞ்சியிருக்கும் கேட்புத்திறனைப் பறித்துவிடலாம் என்று பெற்றோரை எச்சரிக்கலாம்.

இவற்றைவிட எளிதாகத் தடுக்கக்கூடிய ஒன்றும் இருக்கிறது. தாய்வழியாக மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரிய மரபணுவில் 1555-ஆவது எழுத்து மாறியிருப்பவர்களுக்கு ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற மருந்துகள் காதைப் பறித்துவிடக்கூடும். இது 1993-லிருந்து தெரிந்த உண்மை. பிறந்த குழந்தைகளின் தொற்றுக்கு ஜென்டாமைசின் சர்வசாதாரணமாகப் போடப்படும் ஊசி. பிரிட்டனில் மான்செஸ்டரில், தீவிர சிகிச்சைப் பிரிவில் சேரும் பச்சிளங்குழந்தைக்குச் சுமார் அரைமணி நேரத்தில் இந்த ஒரு எழுத்தை மட்டும் பார்த்துச் சொல்லும் கருவியைப் பரிசோதித்து வெற்றி கண்டிருக்கிறார்கள். ஒரு பிள்ளைக்கு இந்த மாற்றம் இருப்பது தெரிந்தால், அதன் தாய்க்கும், தாயின் மற்றப் பிள்ளைகளுக்கும், தாயின் சகோதரிகளுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் அந்த ஊசி வேண்டாம் என்று ஒரு சீட்டில் எழுதிக்கொடுத்தாலே போதும்.

இப்போது மரபணுச் சிகிச்சையும் வாசலுக்கு வந்துவிட்டது. ஓடிஓஎஃப் மரபணுவில் புரதத்துக்கான பகுதி மட்டும் சுமார் 6,000 எழுத்து நீளம். அதைச் சுமந்துசெல்லும் வைரஸின் கொள்ளளவோ 5,000-க்கும் குறைவு. அந்தப் பகுதியை இரண்டு துண்டாக்கி இரண்டு வைரஸில் ஏற்றி உள்காதில் செலுத்தினார்கள் ஷாங்காய் ஃபூடான் பல்கலைக்கழக மருத்துவர்கள். 6 குழந்தைகளில் 5 பேருக்குக் கேட்புத்திறன் திரும்பியதை 2024 ஜனவரியில் லான்செட் இதழ் வெளியிட்டது. இது இன்று நம் ஊரில் கிடைக்கும் சிகிச்சை அன்று. ஆனால் தன் பிள்ளைக்கு எந்த மரபணுவில் பழுது என்று தெரியாத பெற்றோருக்கு அது நாளை கிடைத்தாலும் பயனில்லை.

செலவு, காலம், பயம்

இதற்கெல்லாம் எதிராக வைக்கப்படும் நடைமுறை வாதங்களில் முதலாவது, பரிசோதித்தாலும் பலருக்கு விடை கிடைப்பதில்லை என்பது. உண்மைதான். ஐயோவா குழு 2016-ல் வெளியிட்ட ஆய்வில் 1,119 பேரைப் பரிசோதித்து 39 விழுக்காட்டினருக்குத்தான் காரணம் கண்டது. ஆனால் பத்தில் நாலு பேருக்கு உறுதியான விடை தரும் பரிசோதனையை மருத்துவத்தில் யாரும் தூக்கிப் போடுவதில்லை. சொந்தத்தில் மணம் முடித்த குடும்பங்களில் விடை கிடைக்கும் வாய்ப்பு இன்னும் கூடுதல். விடை கிடைக்காத அறிக்கையும் வீணில்லை. புது மரபணுக்கள் கண்டறியப்படும்போது அதே தரவை மீண்டும் படித்துப் பார்க்கலாம்.

இரண்டாவது, அறிக்கைக்குக் காத்திருந்தால் அறுவை தள்ளிப்போகும் என்பது. இது அக்கறையிலிருந்து வரும் வாதம். கருவியின் பலனைத் தீர்மானிப்பதில் வயதின் பங்கு பெரிது. மொழிக்காக மூளை திறந்திருக்கும் முதல் மூன்று வருடங்கள் போனால் போனவைதாம். ஆகவே எந்த அறிக்கைக்காகவும் அறுவை ஒரு நாள்கூட நிற்கக் கூடாது. ஆனால் கேளாமை உறுதியான நாளுக்கும் அறுவை நாளுக்கும் நடுவில் காதொலிக் கருவி போட்டுப் பார்ப்பது, ஸ்கேன், தடுப்பூசி, காப்பீட்டு அனுமதி என்று சில மாதங்கள் போகத்தான் செய்கின்றன. ரத்தத்தை முதல் நாளே எடுத்துவிட்டால் அந்த இடைவெளியிலேயே பெரும்பாலும் அறிக்கை வந்துவிடும்.

மூன்றாவது, செலவு. தமிழகத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஏழைக் குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி இலவசமாகப் பொருத்தப்படுகிறது. மத்திய அரசின் திட்டமும் உண்டு. ஒரு குழந்தைக்குக் கருவியும் அறுவையும் பல லட்சம். மரபணுப் பரிசோதனை ஆயிரங்களில் முடிவது. ஜிஜேபி2-வை முதலில் பார்த்து, விடை கிடைக்காதவர்களுக்கு மட்டும் விரிவான பரிசோதனை என்று படிப்படியாகப் போனால் இன்னும் குறையும்.

நான்காவது எதிர்வாதம்தான் என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் கனமானது: ‘பலன் குறைவு’ என்று அறிக்கை வந்துவிட்டால் அதையே காட்டி அந்தக் குழந்தைக்குக் கருவி மறுக்கப்படாதா? மறுக்கப்படலாம், அதனால்தான் பரிசோதனையோடு விதியும் சேர்ந்து வர வேண்டும். அறிக்கை பெற்றோருக்கு வழிசொல்ல மட்டுமே; தகுதி நிர்ணயிக்க அன்று என்று அரசாணையில் எழுதப்பட வேண்டும். நரம்பு நலிந்த குழந்தைக்குக் கருவி ஓரளவே உதவும் என்று தெரிந்தால், கருவியோடு சேர்த்துச் சைகை மொழியையும் முதல் நாளிலிருந்தே தொடங்க வேண்டும். மூன்று வருடம் பேச்சு வரும் வரும் என்று காத்திருந்து, எந்த மொழியும் இல்லாமல் ஒரு குழந்தை வளர்வதைவிடப் பெரிய இழப்பு வேறில்லை.

சொந்தமும் பழியும்

கடைசியாக, பேசத் தயங்கும் விஷயம். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்துக்குள் நடக்கின்றன. தாய்மாமனை மணந்தவரின் குழந்தையிடம் எட்டில் ஒரு பங்கு மரபணு இடங்களில், ஒரே மூதாதையரிடமிருந்து வந்த ஒரே பிரதி இருபுறமும் சேரும். அத்தை மகன், மாமன் மகள் மணத்தில் இது பதினாறில் ஒரு பங்கு. ஒளிந்திருந்த பழுது வெளிப்படும் வாய்ப்பு அந்த அளவுக்குக் கூடுகிறது. ஆனால் ‘சொந்தத்தில் கட்டினால் இப்படித்தான்’ என்று ஒரே வீச்சில் பழிபோடுவது தவறு. சொந்தத்தில் மணந்தவர்களின் பெரும்பாலான குழந்தைகளுக்குக் காது நன்றாகவே கேட்கிறது. அந்நியத்தில் கட்டினாலும் சாதிக்குள்ளேயே கட்டும் வழக்கத்தால் டபிள்யூ24எக்ஸ் போன்ற பழைய பிறழ்வு இருபுறமிருந்தும் வந்து சேரலாம். பழி வழக்கமாகத் தாயின் தலையில்தான் விழும். அதற்கு அறிக்கையே பதில்: இரண்டு பிரதிகளில் ஒன்று அப்பா கொடுத்தது.

மரபணுவும் கேளாமையும் என்றதும் காது கேளாதோர் சமூகம் சந்தேகப்படுவதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. தொலைபேசி கண்ட அலெக்சாண்டர் கிரஹாம் பெல் 1883-ல் படித்த கட்டுரையில், காது கேளாதோர் தங்களுக்குள் மணந்துகொண்டால் கேளாத மனித இனமே உருவாகிவிடும் என்று எச்சரித்தார். அவருடைய தாயும் மனைவியும் காது கேளாதவர்கள் என்பது வேறு. அவர் பயம் பொய் என்று காட்டியது மரபியல்தான். கணவனுக்கு ஒரு மரபணுவிலும் மனைவிக்கு வேறு மரபணுவிலும் பழுது இருந்தால் பெரும்பாலும் பிள்ளைகள் எல்லோருக்கும் காது கேட்கும். இருவருக்கும் ஜிஜேபி2 என்றால் எல்லோருக்கும் கேட்காது. காது கேளாதோர் தங்களுக்குள் மணந்த தென்னிந்தியக் குடும்பங்களைச் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். அந்தத் தம்பதிகளுக்கு இந்த அறிவு உரிமை. அதை வைத்து யாரை மணக்கலாம் என்று அவர்களுக்கு உத்தரவு போடும் உரிமை யாருக்கும் இல்லை.

மரபணு தலையெழுத்து இல்லை. நல்ல மரபணு அறிக்கையோடு ஐந்து வயதில் வரும் குழந்தையைவிட, சுமாரான அறிக்கையோடு ஒரு வயதில் வந்து, பயிற்சிக்குத் தவறாமல் போகும் குழந்தை நன்றாகப் பேசலாம். அதனால்தான் கோரிக்கையும் சின்னதாக இருக்கிறது. ஓஏஇயோடு நில்லாமல், சந்தேகம் இருந்தால் எல்லா மாவட்டத்திலும் பெரா. கேளாமை உறுதியானால் அன்றே ரத்தமும், இதயத்துடிப்பைப் பார்க்க ஈசிஜியும். அறிக்கையை வீட்டாருக்குப் புரியும் தமிழில் உட்காரவைத்து விளக்க ஒரு மரபியல் ஆலோசகர். கருவிக்கான காப்பீட்டுத் தொகுப்பில் இந்த மூன்றையும் சேர்க்க ஓர் அரசாணை போதும். அதுவரை, வீட்டில் ஒரு குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்று தெரியவந்தால், எப்போது அறுவை என்று கேட்கும் அதே மூச்சில், என்ன காரணம் என்றும் மருத்துவரிடம் கேளுங்கள்.